எண்ணெய் டின்னுக்குள் இருப்பது என்ன?

மளிகைக் கடை நடத்தும் நம்மவர் எல்லோரும் வாரத்தில் நாலைந்து முறையாவது கேட்டுப் பழகிய கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, கொழுப்பே இல்லாத எண்ணெயா ஒரு லிட்டர் குடுங்க" என்பார்கள். நாமும் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பாக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுப்போம். வாங்கியவருக்கும் திருப்தி, விற்றவருக்கும் திருப்தி. ஆனால் கேட்ட பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றல்ல. எண்ணெய் என்பதே முழுக்க முழுக்கக் கொழுப்புதான். நல்லெண்ணெயானாலும் கடலை எண்ணெயானாலும், சூரியகாந்தியானாலும் பாமாயிலானாலும், 100 கிராம் எண்ணெயில் ஏறக்குறைய 100 கிராமும் கொழுப்பே. கொழுப்பில்லாத எண்ணெய் கேட்பது இனிப்பில்லாத சர்க்கரை கேட்பது போலத்தான்.

கொலஸ்ட்ரால் என்பது வேறு சங்கதி. அது மனிதர், ஆடு, மாடு, கோழி, மீன் ஆகியவற்றின் உடலில் உண்டாகும் ஒரு பொருள். ஆகவே கறியில், முட்டை மஞ்சள் கருவில், இறாலில், நெய்யில் அது இருக்கும். செடியிலும் மரத்திலும் விளைகிற எண்ணெயில் கணக்கில் எடுக்கும் அளவுக்கு அது இராது. எனவே எந்தத் தாவர எண்ணெய்ப் பாக்கெட்டிலும் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போடலாம். தண்ணீர் பாக்கெட்டில் போட்டாலும் பொய்யாகாது!

நாம் டாக்டர்கள் அல்ல. இதெல்லாம் நமக்கு எதற்கு என்று சில நண்பர்கள் நினைக்கலாம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பகுதிகளில் குடும்பம் நடத்தும் பெண்கள் எந்த எண்ணெய் நல்லது என்று டாக்டரைக் கேட்பதற்கு முன்னால் கடைக்காரரைத்தான் கேட்கிறார்கள். நாம் நீட்டுகிற பாக்கெட்டைத்தான் அந்த வீட்டில் நாலு பேர் ஒரு மாதம் சாப்பிடுகிறார்கள். கீழ்க்கண்டவை, பள்ளிப் படிப்போடு நின்று எண்ணெய் மொத்த வியாபாரத்தில் இறங்கிய நான், இத்தனை வருடங்களில் படித்தும் விவரம் அறிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவை. கடைக்காரர் மொழியிலேயே எழுதுகிறேன்.

மூட்டையும் அட்டியும்

கொழுப்பின் உள்ளமைப்பை முதன்முதலில் வெளிப்படுத்தியவர் செவ்ரூல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. கொழுப்பையும் சோப்பையும் வருடக்கணக்காக ஆராய்ந்து 1823-ல் புத்தகமாக வெளியிட்டார். (இவர் 102 வயது வரை வாழ்ந்தவர் என்பது கூடுதல் தகவல்.) கொழுப்பைப் பிரித்தால் இரண்டு சரக்கு கிடைக்கும் என்று அவர் காட்டினார். ஒன்று, நாம் மருந்துக் கடையில் வாங்கும் கிளிசரின். மற்றது, கொழுப்பு அமிலம். பின்னால் வந்தவர்கள் அதன் கணக்கையும் சொன்னார்கள். ஒரு கிளிசரினில் மூன்று கொழுப்பு அமிலங்கள் மாட்டியிருக்கும். ஒரு கொக்கியில் மூன்று நீளக் கயிறு தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு 'டிரைகிளிசரைடு' என்று பெயர். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வருகிற அதே டிரைகிளிசரைடுதான். டின்னில் இருப்பதும், இடுப்பைச் சுற்றிச் சேர்வதும், ரத்தத்தில் ஓடுவதும் ஒரே சரக்கு.

எல்லா எண்ணெய்க்கும் கிளிசரின் ஒன்றே. வித்தியாசம் எல்லாம் அந்தக் கயிறுகளில்தான். ஒவ்வொரு கயிறும் கரி அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. நம் சமையல் எண்ணெய்களில் பெரும்பாலும் 16 அல்லது 18 அணு நீளம். அணுவுக்கு அணு ஹைட்ரஜன் முழுதாக ஒட்டியிருந்தால் சங்கிலி நேராக நிற்கும். இதை நிறைவுற்ற கொழுப்பு என்கிறார்கள். ஓரிடத்தில் ஹைட்ரஜன் குறைந்தால் அங்கே இரட்டைப் பிணைப்பு ஏற்பட்டு, சங்கிலி முழங்கை போல மடங்கிவிடும். இது நிறைவுறாத கொழுப்பு.

குடோன் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே அளவாகத் தைத்த அரிசி மூட்டைகளை அட்டி போட்டால் ஒன்றோடு ஒன்று பொருந்திச் சுவர் போல நிற்கும். பிதுங்கியும் கோணியும் வந்த மூட்டைகளை அடுக்கினால் நடுவே சந்து விழுந்து சரியப் பார்க்கும். நேரான சங்கிலிகள் நெருங்கி அடுங்கினால் கொழுப்பு உறைகிறது. மடங்கிய சங்கிலிகள் அடுங்க மாட்டாமல் நழுவிக்கொண்டே இருப்பதால் எண்ணெயாக ஓடுகிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்கிறது. பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் அசையாமல் எண்ணெயாகவே இருக்கிறது. காரணம் இதுதான்.

ஒரு கணக்கு பாருங்கள். 18 அணு நீளமுள்ள நான்கு கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொள்வோம். மடிப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலம் சுமார் 69 டிகிரி சூட்டில்தான் உருகும். ஒரு மடிப்புள்ள ஒலியிக் அமிலம் (கடலை எண்ணெயில் பாதியளவு இதுவே) 13 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டு மடிப்புள்ள லினோலியிக் அமிலம் (சூரியகாந்தியில் இது அதிகம்) உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 5 டிகிரி வாக்கில் உருகுகிறது. நான்காவது அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு உண்டு, மடிப்பு மட்டும் இல்லை. ஹைட்ரஜன்கள் எதிரெதிர்ப் பக்கம் மாறி நிற்பதால் சங்கிலி மறுபடி நேராகிவிட்டது. இது உருக 44 டிகிரி வேண்டும். அதே 18 அணு, அதே எடை. நிற்கும் விதம் மட்டும் வேறு. இந்த நான்காவது ஆசாமியின் பெயர் டிரான்ஸ் கொழுப்பு. நம் வியாபாரத்தில் இவர் நுழைந்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மஞ்சள் டின்

நெய் விலை உயர்ந்தது. எண்ணெய் விலை குறைந்தது. எண்ணெயை நெய் போலக் கெட்டியாக்கினால் லாபம். 1902-ல் ஜெர்மனி நாட்டு நார்மன் என்பவர் எண்ணெய்க்குள் நிக்கல் பொடியின் துணையோடு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மடங்கிய சங்கிலியில் ஹைட்ரஜனை ஒட்டி நிமிர்த்துவதுதான் வேலை. 1930-களில் நம் நாட்டில் வனஸ்பதி வந்து, 'டால்டா' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மஞ்சள் டின்னில் பச்சை மரம் போட்ட அந்த டப்பாவை நம் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காலியான டின்னில் அரிசி அளந்தோம், துளசிச் செடி வைத்தோம்.

இங்கே நம் நல்லெண்ணெய் ஓர் ஒற்றர் வேலை பார்த்ததைச் சொல்லியே ஆக வேண்டும். வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்றால் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. எனவே வனஸ்பதி தயாரிக்கும்போதே அதில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று நீண்ட காலம் சட்டம் இருந்தது. நல்லெண்ணெயில் உள்ள ஒரு சத்து, அமிலமும் சர்க்கரையும் சேர்ந்தால் ரோஜா நிறம் காட்டும். நெய் என்று விற்ற சரக்கு சோதனையில் சிவந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். காட்டிக் கொடுப்பதற்கென்றே ஓர் எண்ணெயைச் சேர்க்கச் சொன்ன சட்டம் வேறு ஏதும் எனக்குத் தெரியாது.

கலப்படத்தைப் பிடித்தார்கள், டின்னுக்குள்ளேயே இருந்த குறை பிடிபட வெகுகாலம் ஆயிற்று. ஹைட்ரஜன் ஏற்றும் வேலையைப் பாதியில் நிறுத்தினால்தான் நெய்ப் பதம் வரும். அப்படிப் பாதியில் நிறுத்தும்போது கணிசமான சங்கிலிகள் டிரான்ஸாக மாறிவிடுகின்றன. 1990-ல் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள், டிரான்ஸ் கொழுப்பு ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது, நல்ல கொலஸ்ட்ராலை இறக்குகிறது என்று காட்டினார்கள். நிறைவுற்ற கொழுப்பு முதல் தவறை மட்டும் செய்யும்; இது இரண்டையும் செய்கிறது. 2003-ல் டென்மார்க் முதல் நாடாக 2 சதவீத வரம்பு வைத்தது. 2009-ல் டில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் நம் நாட்டு வனஸ்பதிகளைச் சோதித்தபோது, அந்த டென்மார்க் வரம்பைப் போல 5 முதல் 12 மடங்கு வரை இருந்தது. நம் நாட்டிலும் படிப்படியாக வரம்பு குறைக்கப்பட்டது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரி முதல் 3 சதவீதம், 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் என்று ஆணையிட்டது. இப்போது வருகிற வனஸ்பதியை வேறு வழிகளில் கெட்டிப்படுத்துகிறார்கள். பாமாயிலின் கெட்டிப் பகுதியைச் சேர்ப்பது அதில் ஒன்று.

எனவே பரோட்டாக் கடைக்கும் பேக்கரிக்கும் வனஸ்பதி, மார்ஜரின் சப்ளை செய்யும் நண்பர்கள் பில் உள்ள கம்பெனிச் சரக்கையே வாங்க வேண்டும். பெயரில்லாத 15 கிலோ டின் நூறு ரூபாய் மலிவாக வருகிறது என்றால், எதைக் குறைத்து அந்த நூறு ரூபாயை மிச்சம் பிடித்தார்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

உடம்பு என்னும் மண்டி

இனி, வயிற்றுக்குள் போன எண்ணெய் என்ன ஆகிறது என்று பார்ப்போம். எண்ணெயும் தண்ணீரும் சேராது. உடம்போ பெரும்பகுதி தண்ணீர். இதற்காகக் கல்லீரல் பித்தநீரைச் சுரந்து பித்தப்பையில் வைத்திருக்கிறது. சிறுகுடலில் அது சோப்பு வேலை செய்து எண்ணெயைப் பொடித் துளிகளாக உடைக்கிறது. கணையத்திலிருந்து வரும் நீர் கொக்கியிலிருந்து கயிறுகளைக் கழற்றுகிறது. குடல் சுவரைக் கடந்ததும் மீண்டும் கொக்கியில் மாட்டி, புரத உறை போட்டுப் பொட்டலம் கட்டுகிறது. இந்தப் பொட்டலங்கள் நேரே ரத்தத்துக்குப் போவதில்லை. நிணநீர்க் குழாய் வழியாக மேலே ஏறி, இடது கழுத்துப் பட்டைக்கு அருகே ரத்தத்தில் கலக்கின்றன. பூரியும் வடையும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் ரத்தம் எடுத்தால் அதன் தெளிநீர் பால் போலக் கலங்கி இருக்கும். வெறும் வயிற்றோடு வரச்சொல்வது அதனால்தான்.

ஊருக்குள் சரக்கு விநியோகிப்பது கல்லீரலின் பொறுப்பு. கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் ஏற்றிக்கொண்டு கல்லீரலிலிருந்து கிளம்பும் வண்டி, வழியில் கொழுப்பை இறக்கிவிட்டு, கடைசியில் கொலஸ்ட்ரால் மிகுந்த வண்டியாகிறது. அதுவே 'எல்.டி.எல்.' ஆங்காங்கே மிஞ்சிய கொலஸ்ட்ராலைத் திரட்டிக் கல்லீரலுக்கு ரிட்டர்ன் லோடு அடிக்கும் வண்டி 'எச்.டி.எல்.' சரக்கு வண்டி அளவுக்கு மேல் ஓடினால், எடுப்பாரில்லாத சரக்கு ரத்தக்குழாய் ஓரத்தில் தேங்கும். பேசின் பாலம் பக்கம் லாரிகள் ஓரங்கட்டி நின்றால் பாதை குறுகிவிடுவது போல, குழாயும் குறுகிவிடும். நெஞ்சுக்கு ரத்தம் போகும் குழாயில் இது நேர்ந்தால் மாரடைப்பு.

கொலஸ்ட்ரால் கெட்டது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. உடம்பு தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆண்மை, பெண்மைக்கான சுரப்புகள், பித்தநீர், வெயில் பட்டு உண்டாகும் வைட்டமின் டி ஆகியவற்றுக்கு மூலப்பொருள் அந்தக் கொலஸ்ட்ரால் வகையறாவே. கொழுப்பும் அப்படித்தான். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லின் சுவரும் கொழுப்பால் ஆனது. மூளையில் தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் கொழுப்பு. ஏ, டி, ஈ, கே என்ற நான்கு வைட்டமின்கள் எண்ணெயில்தான் கரையும். முருங்கைக் கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிட்டால் அதிலுள்ள சத்து முழுதாக ஒட்டாது. ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்தால் ஒட்டும். நம் பாட்டிமார் செய்த காரியத்துக்குக் கணக்கு இப்போது கிடைத்திருக்கிறது.

சேமிப்பு விஷயத்திலும் கொழுப்பை மிஞ்ச ஆளில்லை. ஒரு கிராம் அரிசி மாவுச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். மாவுச்சத்தாக உடம்பு இருப்பு வைப்பது ஏறக்குறைய ஒரு நாள் செலவுக்குத்தான் காணும், கல்லாவில் கிடக்கும் சில்லறை மாதிரி. மற்றதெல்லாம் கொழுப்பு என்னும் வைப்பு நிதியில்.

எண்ணெயே கூடாது என்று ஒதுக்குகிறவர்களுக்காக ஒரு செய்தி. 1929-ல் அமெரிக்காவில் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் வளர்ச்சி நின்றது, தோல் செதிள் செதிளாக உரிந்தது. லினோலியிக் அமிலம் கொடுத்ததும் தேறின. இரண்டு மடிப்புள்ள இந்த அமிலத்தையும், மூன்று மடிப்புள்ள லினோலெனிக் அமிலத்தையும் நம் உடம்பால் தயாரிக்க முடியாது. வெளியிலிருந்து கொள்முதல் செய்தே ஆக வேண்டும். முதலாவது நல்லெண்ணெயிலும் சூரியகாந்தியிலும் தாராளமாக உண்டு. இரண்டாவதான ஒமேகா-3 வகை இவற்றில் மிகக் குறைவு; ஆளி விதையிலும் கடுகு எண்ணெயிலும் கிடைக்கும். அசைவம் சாப்பிடுபவருக்கு அதைவிடச் சிறந்த வகை காசிமேட்டிலேயே இறங்குகிறது. மத்தியும் கானாங்கெளுத்தியும் விலை மலிந்த மீன் என்று முகம் சுளிக்கிறவர்கள், பிறகு மருந்துக் கடையில் மீனெண்ணெய் மாத்திரை வாங்குகிறார்கள்!

நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு என்றே ஒரு வார்த்தை. "எண்ணெயைத் தொடுவதே இல்லை, ஆனாலும் டிரைகிளிசரைடு 300 காட்டுகிறது" என்று கடைத்தெருவில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 150-க்குள் இருக்க வேண்டியது அது. காரணம் இருக்கிறது. தேவைக்கு மேல் உண்ட அரிசியையும் சர்க்கரையையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றிவிடும். காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை கல்லாவில் உட்கார்ந்து, நாளைக்கு ஏழு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால், எண்ணெய் டின்னைக் குறை சொல்லிப் பயனில்லை.

பாமாயில் வழக்கு

நம் பகுதிக்கும் பாமாயிலுக்கும் உள்ள உறவு தனி. இந்தோனேஷியாவிலிருந்தும் மலேஷியாவிலிருந்தும் கப்பலில் வருகிற எண்ணெய், சென்னைத் துறைமுகத்திலிருந்து குழாய் வழியே நம் தண்டையார்பேட்டைத் தொட்டிகளுக்கு வந்து சேர்கிறது. முன்பு அரசின் வணிகக் கழகம் மூலமாக மட்டுமே இறக்குமதியான பாமாயில், 1994 ஏப்ரலில் 65 சதவீத வரியோடு தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. கடலை எண்ணெய் ஒன்றையே நம்பியிருந்த நம் தொழிலின் முகம் அதோடு மாறியது. இன்று நாடு உபயோகிக்கும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். தமிழ்நாட்டில் 2007-ல் வந்த சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ரேஷன் அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

"பாமாயில் விஷம், மாரடைப்பு வரும்" என்கிறவர்கள் ஒருபுறம். "அதெல்லாம் சும்மா" என்கிறவர்கள் மறுபுறம். கணக்கைப் பார்ப்போம். நேர்ச் சங்கிலியான நிறைவுற்ற கொழுப்பு, தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம், நெய்யில் 60-க்கு மேல், பாமாயிலில் 40 முதல் 45, கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் 15, சூரியகாந்தியில் 11 அல்லது 12. (தேங்காய் எண்ணெயில் சங்கிலி குட்டையானது, ஆகையால் உடம்பு அதைக் கையாளும் விதம் சற்று மாறும். அதற்காக அதை மருந்தென்று சொல்லி விற்பதும் சரியல்ல.) பாமாயிலில் மீதிப் பாதிக்கு மேல் உள்ளது மடங்கிய சங்கிலிதான். டிரான்ஸ் கொழுப்பு என்று சொல்லும்படி ஏதும் இல்லை. சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெடாது. ரேஷன் பாக்கெட்டில் வைட்டமின் ஏ-யும் டி-யும் சேர்த்தே வருகிறது. ஆகவே விஷம் என்பது அபாண்டம். அதே சமயம் மூன்று வேளையும் வருடம் முழுவதும் அது ஒன்றையே ஊற்றினால் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும் என்பதும் உண்மை. நெஞ்சு நோய் உள்ளவர் வீட்டில் அதைக் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நான் சொல்வது இதுதான். ரேஷன் பாமாயிலை யாரும் சாக்கடையில் கொட்ட வேண்டாம். பொரிக்க அதை வைத்துக்கொண்டு, தாளிக்கவும் குழம்புக்கும் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ கொஞ்சம் வாங்கிக்கொள்ளட்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் எண்ணெய்களை மாற்றி மாற்றி உபயோகிக்கவே சொல்கிறது. (1918-ல் நம் குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி 1958-ல் ஐதராபாத் போன நிறுவனம் அது.) 2024-ல் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரி உணவுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாளைக்கு 27 கிராம் என்று இருக்கிறது. ஆறு டீஸ்பூன். ஒரு தட்டு பஜ்ஜியிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும்!

பாமாயில் மலிவாக இருப்பதால் வரும் உண்மையான கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. விலை உயர்ந்த எண்ணெயில் அதைக் கலந்து விற்பதுதான் அது. இறக்குமதி வரி ஏறி இறங்கும்போதெல்லாம் இந்த ஆசை தலைதூக்கும். 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்கள் மீது அடிப்படை வரி 20 சதவீதமாக உயர்ந்தது, 2025 மே இறுதியில் 10 ஆனது. ஒவ்வொரு முறையும் சந்தை ஆடிப்போனதை நாம் பார்த்தோம். பாமாயில் கலந்த 'கடலை எண்ணெய்' வாங்குகிறவர் காசையும் இழக்கிறார், எதைத் தவிர்க்க நினைத்தாரோ அதையே சாப்பிடவும் செய்கிறார்.

கடைக்குள் கவனிக்க வேண்டியவை

மடிப்பு அதிகமுள்ள எண்ணெய் இதயத்துக்கு நல்லது, ஆனால் கெட்டுப்போவதும் அதுவே சீக்கிரம். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மடிப்பில்தான் பிடிக்கிறது. சிக்கு வாடை அங்கிருந்தே பிறக்கிறது. வெளிச்சமும் சூடும் அதை விரைவுபடுத்தும். சூரியகாந்தி பாக்கெட்டுகளைச் சரம் சரமாகக் கடை வாசலில் வெயில் படத் தொங்கவிடுவது அழகாக இருக்கலாம், சரக்குக்கு ஆகாது. பழைய சரக்கை முன்னால் வைத்து முதலில் தள்ளுங்கள். நல்லெண்ணெய்க்கு இயற்கையிலேயே ஒரு காவல் சத்து இருப்பதால் அது நாள்பட நிற்கும். ஊறுகாய்க்கு அதையே தேடுவது அதனால்தான்.

தீப எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். 'விளக்கேற்ற மட்டும்' என்று சிறிய எழுத்தில் போட்டு, எள் வாசனையோடு, நல்லெண்ணெய் பாக்கெட் போலவே வருகிறது. படிக்கத் தெரியாத மூதாட்டி அதை வாங்கிப் போய்த் தோசைக்கு ஊற்றினால் பொறுப்பு யாருடையது? சூடம், ஊதுபத்தி அலமாரியில் அதை வையுங்கள். சமையல் எண்ணெய் வரிசையில் வேண்டாம்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுடவைத்தால் சங்கிலிகள் உடைந்தும் ஒன்றோடொன்று பிணைந்தும் வேறு பொருளாகிவிடும். கறுக்கும், நுரைக்கும், தொண்டையைக் கமறவைக்கும். இப்படி மாறிய பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை உபயோகிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் செலவழிக்கும் நிறுவனங்கள் கணக்கு எழுத வேண்டும். பழைய எண்ணெயைப் பயோடீசலுக்கு எடுத்துக்கொள்ள அங்கீகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போக வேண்டிய சரக்கு வெளுத்து டின்னில் ஏறி மறுபடி நம் வாசலுக்கு வந்துவிடக் கூடாது.

எடை விஷயத்தில் ஒரு குறிப்பு. சூடேறினால் சங்கிலிகள் விலகி எண்ணெய் பெருகும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம். 60 டிகிரியில் 892 கிராம் சொச்சம். சில கம்பெனிகள் '60 டிகிரியில் ஒரு லிட்டர்' என்று அச்சிட்டு எடையைக் குறைத்து வந்தன. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் துறை, வெப்பநிலை போடாமல் அளவையும் எடையையும் அச்சிடும்படி கூறி, திருத்திக்கொள்ள 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. லிட்டரைப் பார்த்து வாங்காதீர்கள், கிராமைப் பாருங்கள்.

கடைசியாக உதிரி எண்ணெய். 1998-ல் டில்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடம்பு வீங்கி, இதயம் செயலிழந்து போனார்கள். அந்த ஆண்டே எண்ணெயை அடைத்துத்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணை போட்டது. 2011 விதிகளிலும், மாநில அரசு விலக்கு அளித்தாலன்றி உதிரியாக விற்கத் தடை தொடர்கிறது. சட்டம் சரிதான். ஆனால் அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அடுப்பு மூட்டும் குடும்பம் நம் பகுதியில் ஏராளம். மீன்பிடித் துறைமுகத்தில் கூடை தூக்குகிறவர் சாயங்காலம் இருபது ரூபாயோடு வந்து நிற்கிறார். அவர் கையில் லிட்டர் பாக்கெட்டுக்குக் காசில்லை. அவருக்காகவே சிலர் டின்னைத் திறக்கிறார்கள். திறந்த டின்னில் என்ன கலந்திருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, பல சமயம் கடைக்காரருக்கும் தெரியாது. நல்ல எண்ணெய் 50 மில்லி, 100 மில்லி பாக்கெட்டுகளாக எல்லாக் கடைக்கும் தட்டில்லாமல் வருமானால் இந்தச் சிக்கல் பாதி தீரும். சிறிய பாக்கெட்டில் பிளாஸ்டிக் செலவு கூடும், லாபம் குறையும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் நூறு மில்லி பாக்கெட்டை ஒரு நியாயமான விலையில் அடைத்துத் தரும்படி, நம் பகுதி மொத்த வியாபாரிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஆர்டர் கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.